மூட்டையில் கல் போட்டவள்

“படத்த நிறுத்துங்க சாரே.”

கடைசி வரிசையிலிருந்து வந்த குரல். கத்தக்கூட இல்லை, சாதாரணமாகத்தான் சொன்னாள். ஸ்டான்லி சட்டென்று படத்தை நிறுத்திவிட்டான். நிறுத்து என்று நான் சொல்லவில்லை. மூன்று நாளாக நான் என்ன சொன்னாலும் ‘இருங்க சாரே’ என்று இழுத்தவன், அவள் சொன்னதும் நிறுத்திவிட்டான்.

திரையில் ஒரு நடுவயதுப் பெண், சாக்குமூட்டைக்குள் முழங்கை வரை கையை விட்டபடி, வாய் நிறையச் சிரித்தபடி அப்படியே நின்றாள். பெரிய திரை. ஒரு பல் இல்லாதது நன்றாகத் தெரிந்தது.

எழுந்து நின்றவள் பெயர் தங்கபாய். அண்டி ஆபீஸில் வேலை. வெளியூர் வாசகர்களுக்காகச் சொல்கிறேன். எங்கள் குழித்துறைப் பக்கத்தில் முந்திரிக்கொட்டைக்கு அண்டி என்று பெயர். அதை வறுத்து உடைத்துப் பருப்பு எடுக்கும் தொழிற்சாலை அண்டி ஆபீஸ். மேசை நாற்காலியெல்லாம் தேடக் கூடாது. தரையில் உட்கார்ந்துதான் வேலை.

“அவ இம்புட்டு நேரம் வாயடிச்சா. சாரு ரெண்டே ரெண்டு வார்த்தைதான் சொன்னிய. மிச்சம் எங்க?”

மைக் என் கையில் இருந்தது. இருபத்தெட்டு வருஷம் இங்கிலீஷ் வாத்தியாராக இருந்தவன் நான். கேள்விக்குப் பதில் தெரியாவிட்டால் கேட்டவனை அதட்டி உட்கார வைத்துவிடுவது என் வழக்கம். தங்கபாயை அதட்ட எனக்கு வாய் வரவில்லை.

மைக் என் கைக்கு வந்த கதை

நாங்கள் ஏழெட்டுப் பேர் சேர்ந்து ஒரு திரைப்படக் கழகம் நடத்துகிறோம். கழகம் என்றால் பயந்துவிட வேண்டாம். ஓய்வுபெற்ற நாலு வாத்தியார், ஒரு ஹோமியோபதி டாக்டர், ஒரு வக்கீல், பிறகு ஸ்டான்லி. கோயில் கொடை, சர்ச் திருவிழா, கல்யாணம், அரசியல் கூட்டம் எதுவானாலும் மைக்செட் கட்டுகிறவன் அவன். புரொஜெக்டரும் திரையும் அவனுடையவை. எங்கள் கழகத்தில் உருப்படியான ஆள் அவன் ஒருத்தன்தான்.

வெளிநாட்டுப் படத்துக்குக் கீழே இங்கிலீஷில் எழுத்து ஓடும். முதல் இரண்டு வருஷம் அப்படியே போட்டோம். இருபது பேர் வருவார்கள், பதினைந்து பேர் தூங்குவார்கள். தூங்காத ஒருத்தர் ஒருநாள் எழுந்து, “அவன் என்ன சொல்லுதான்னு ஒண்ணு சொல்லும் வேய்” என்றார். சொன்னேன். அடுத்த வசனத்தையும் சொன்னேன். அன்று முதல் படம் ஓடும்போது திரைக்குப் பக்கத்தில் ஒரு பிளாஸ்டிக் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்து, கீழே ஓடும் இங்கிலீஷை அப்போதைக்கப்போது தமிழாக்கி மைக்கில் சொல்வது என் வேலையாகிவிட்டது.

கதாநாயகி அழுதால் நானும் கொஞ்சம் தழுதழுப்பேன். வில்லனுக்குத் தனிக் குரல் வைத்திருக்கிறேன். என் மனைவிக்கு இதில் மானம் போகிறது. அவள் படம் பார்க்க வருவதில்லை.

ஒரே ஒரு குற்றச்சாட்டு உண்டு. கெட்ட வார்த்தையை நான் சொல்ல மாட்டேன். வாத்தியார் வாய்க்கு அது வராது. திரையில் ஒருத்தன் அரை நிமிஷம் மூச்சு விடாமல் திட்டுவான். நான் ‘போடா முட்டாளே’ என்று முடித்துவிடுவேன். “இதுக்கா அவன் அந்தக் குதி குதிச்சான்?” என்று பின்னாலிருந்து கேட்பார்கள். கேட்டுவிட்டுப் போகட்டும் என்று விட்டுவிடுவேன். இந்த வெட்டும் ஒட்டும் எனக்குப் பழக்கமாகிப் போனதுதான் பின்னால் வினையானது.

மாப்பிள்ளைக்கு ஆப்பிரிக்காவிலயா வேலை?

அந்த வருஷம் ஆப்பிரிக்கப் படவிழா வைத்தோம். வெள்ளி, சனி, ஞாயிறு. ‘ஐரோப்பா வைக்கலாமே’ என்று வக்கீல் முனகினார். ஐரோப்பாவில் நமக்கு என்ன ஐயா இருக்கிறது, ஆப்பிரிக்காவில் மரச்சீனியாவது இருக்கிறது என்றேன். மரவள்ளிக்கிழங்குக்கு எங்கள் பக்கத்துப் பெயர் மரச்சீனி. வேடிக்கைக்குச் சொன்னதுதான். ஆனால் அது எவ்வளவு பெரிய உண்மை என்று வெள்ளிக்கிழமை தெரிந்தது.

இடம் ஒரு கல்யாண மண்டபம். முந்தின நாள் முகூர்த்தத்துக்குக் கட்டிய வாழை வாசலில் அப்படியே நின்றது. அதை அவிழ்க்கச் சொல்லி நான் மூன்று தடவை சொல்லியாயிற்று. யாரும் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

முதல் படத்தில் ஆரம்பமே ஒரு கல்யாணம். பாட்டு, ஆட்டம், புழுதி பறக்கிறது. நான் மும்முரமாக மைக்கில் பேசிக்கொண்டிருக்கிறேன். பட்டுச்சேலை கட்டிய ஓர் அம்மாளும் அவர் வீட்டுக்காரரும் உள்ளே வந்து முன்வரிசையில் உட்கார்ந்தார்கள். சந்தோஷமாக இருந்தது எனக்கு. நம் விழாவுக்குப் பட்டு உடுத்தி வருகிறார்களே என்று. கால்மணி நேரம் கழித்து அந்த அம்மாள் பக்கத்தில் இருந்த டாக்டரிடம், “மாப்பிள்ளைக்கு ஆப்பிரிக்காவிலயா வேலை?” என்று கேட்டார்.

இப்போதெல்லாம் கல்யாண வீட்டில் பெரிய திரை கட்டி வீடியோ போடுகிறார்கள் இல்லையா, அந்தக் கணக்கு. அவர்கள் போகவேண்டிய மண்டபம் அடுத்த தெருவில் இருந்தது. டாக்டர் விவரத்தைச் சொன்னார். வீட்டுக்காரர் எழுந்தார். அம்மாள் எழவில்லை. “அந்த மாமியாரு பொண்ண என்ன செய்யப்போறான்னு பாத்துட்டு வாறேன், நீங்க முன்ன போங்க” என்றார். முழுப் படத்தையும் பார்த்துவிட்டுத்தான் போனார். கல்யாணச் சாப்பாடு கிடைத்ததா என்று தெரியவில்லை.

அதே படத்தில் ஒரு காட்சி. முற்றத்தில் நாலு பெண்கள் உட்கார்ந்து கிழங்கு சீவுகிறார்கள். மண்டபம் முழுக்க ஒரு சலசலப்பு. “மரச்சீனியாக்கும் மக்கா” என்று ஒருத்தர் உரக்கவே சொன்னார். பிறகு அவர்கள் அதை உரலில் இட்டு இடித்தார்கள். இடிக்கிறதா, அதெப்படி, வேகவைத்து மீன்குழம்பு விட்டுத் தின்றால் போதாதா என்று எங்கள் ஆட்களுக்குள் பெரிய தர்க்கம். பத்து நிமிஷம் நான் சொன்ன வசனம் யார் காதிலும் விழவில்லை.

சனிக்கிழமை ஆவணப்படங்கள். ஒன்றில் ஒருத்தர் பனையில் ஏறிக் கள் இறக்குகிறார். எங்கள் கூட்டத்தில் நேசையன் என்று ஒரு பனையேறி உண்டு, அறுபது வயதுக்கு மேல். திரையில் அந்த மனிதர் இடுப்பையும் மரத்தையும் சேர்த்து ஒரு வளையம் போட்டு, அதில் சாய்ந்து நின்றபடி இரண்டு கையையும் விட்டு வேலை செய்தார். நேசையன் எழுந்து திரைக்குப் பக்கத்தில் வந்து நின்று பார்த்தார். நிழல் விழுகிறது, உட்காரும் என்றேன். “சாரே, இவன் கொள்ளாம்” என்று சொல்லிவிட்டுத்தான் உட்கார்ந்தார். எந்த விமர்சகரும் எந்தப் படத்துக்கும் அப்படி ஒரு பாராட்டு கொடுத்து நான் படித்ததில்லை.

கல்லும் அண்டியும் ஒரே கறுப்பு

ஞாயிற்றுக்கிழமைப் படம்தான் விழாவின் பெரிய விஷயம். மேற்கு ஆப்பிரிக்காவில் கினி-பிசாவ் என்று ஒரு குட்டி நாடு. அங்கே முந்திரி பொறுக்கும் பெண்களைப் பற்றிய ஆவணப்படம். எடுத்தவள் அந்த ஊரிலேயே பிறந்த பெண். பெயர் செலஸ்தா. மின்னஞ்சலில் அனுமதி கேட்டதும் கொடுத்துவிட்டாள். படம் முடிந்ததும் வீடியோவில் வந்து உங்கள் ஆட்களோடு பேசட்டுமா என்றும் கேட்டாள். தன் ஊர் அண்டி எங்கே உடைபடுகிறது என்று பார்க்கவேண்டும் என்று எழுதியிருந்தாள்.

ஆம், எங்கள் அண்டி ஆபீஸில் உடைபடுகிற அண்டியில் பாதிக்கு மேல் அங்கேயிருந்து கப்பலில் வருவது. ஸ்டான்லியின் மனைவி ஷீபாவுக்கும் இந்த ஆபீஸில்தான் வேலை. ஞாயிற்றுக்கிழமை ஆபீஸ் கிடையாது. ஷீபா மூலமாக எல்லாப் பெண்களுக்கும் சொல்லி அனுப்பினோம்.

வியாழக்கிழமை சாயங்காலம் வேலை விட்டு நேராகத் தங்கபாய் என் வீட்டுக்கு வந்தாள். ஐம்பது வயதிருக்கும். விரல்களெல்லாம் அண்டி எண்ணெய் பட்டுக் கறுத்திருந்தன. எத்தனை சாம்பல் தேய்த்தாலும் அந்தக் கறை போகாது. படியேறவில்லை. முற்றத்தில் நின்றே கேட்டாள்.

“சாரே, நமக்க ஆபீஸுக்கு அண்டி வருதே, அந்த நாட்டுப் படமா?”

“ஆமா.”

“சாக்குல எழுதியிருக்குமே, அதே பேரா?”

“அதே பேர்தான்.”

“அப்பம் நான் வருவேன். கல்லு போட்டவளுக்க மொகத்த ஒருக்கா பாக்கணும்.”

அவளுக்கு இடது கண் இல்லை. பத்துப் பதினைந்து வருஷத்துக்கு முன்னால் தங்கபாய் தல்லுப் பிரிவில் இருந்தாள். வறுத்த அண்டியைக் கல்லின் மேல் வைத்து மரச்சுத்தியால் ஒரு தட்டுத் தட்டி உடைப்பதற்குத் தல்லு என்று பெயர். மூட்டையில் கல் கலந்து வரும். அண்டியோடு சேர்ந்து அதுவும் டிரம்மில் வறுபட்டால் கல்லும் அண்டியும் ஒரே கறுப்பு. வேகவேகமாகத் தட்டிக்கொண்டு போகும்போது கைக்கு வித்தியாசம் தெரியாது. ஒருநாள் தட்டினாள், சில்லு தெறித்தது. அவ்வளவுதான்.

வறுக்கும் முன்னால் மூட்டையைத் தரையில் கொட்டிக் கல் பொறுக்க விடுங்கள் என்று பெண்கள் கேட்டுப் பார்த்தார்கள். எப்போதோ ஒரு கல் தப்பித் தவறி வருவதற்காக அரை நாளை வீணாக்க முடியுமா என்று மேலே இருந்தவர்கள் சொல்லிவிட்டார்கள். தங்கபாயைத் தொலி உரிக்கிற பிரிவுக்கு மாற்றினார்கள். காரியம் அதோடு முடிந்தது. அவளுக்கு மட்டும் முடியவில்லை. தப்பித் தவறி வந்ததா, ஒருத்தி போட்டாளா என்று அவளுக்குத் தெரிந்தாக வேண்டும்.

வா, வந்து பார் என்று சொல்லி அனுப்பினேன். அதுவரை அந்தப் படத்தை நான் பார்க்கவில்லை. இந்தச் சோம்பேறித்தனத்துக்கு என்னைச் செருப்பால் அடிக்கலாம்.

நாக்கால் சமாளித்துவிடலாம்

மறுநாள் காலையில் ஸ்டான்லியின் கடையில் உட்கார்ந்து படத்தைப் போட்டுப் பார்த்தோம். பாதிப் படத்தில் அந்தக் காட்சி வந்தது. ஒரு பெண் கல் பொறுக்குகிறாள். பொறுக்கி மூட்டைக்குள் போடுகிறாள். பேசுகிறாள், சிரிக்கிறாள். ஸ்டான்லிக்கு இங்கிலீஷ் அவ்வளவு ஓடாது. கல் அவனுக்குப் புரிந்தது.

“சாரே, இத அக்கா பாக்கப்பிடாது.”

“கூப்பிட்டாச்சே.”

“அந்த எடத்த வெட்டிரட்டா?”

வெட்டக் கூடாது என்றேன். அடுத்தவள் எடுத்த படத்தில் கத்தி வைக்க நாம் யார் என்று நியாயம் பேசினேன். பேசிவிட்டு, “நான் நாக்கால சமாளிச்சுக்கிடுதேன்” என்றேன். கத்தி வைத்தால் பாவம், நாக்கை வைத்தால் பாவமில்லை. அப்படி ஒரு நியாயம்.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் மூன்றரை மணிக்கு நாற்பது ஐம்பது பெண்கள் வந்தார்கள். தலைகுளித்து, பிச்சிப்பூ வைத்து. மண்டபம் முழுக்க அந்த வாசனை. தங்கபாய் கடைசி வரிசையில் ஓரமாக உட்கார்ந்தாள். படம் நன்றாகப் போனது. முந்திரித் தோப்பு வந்ததும் அத்தனை பேரும் நிமிர்ந்தார்கள். பழத்தைத் திருகி அண்டியைத் தனியாக எடுக்கும் லாவகத்தைப் பார்த்து, “ஏட்டி, அவ கைய பாருட்டி” என்று ஒருத்தியை ஒருத்தி இடித்துக்கொண்டார்கள்.

பிறகு அந்தக் காட்சி வந்தது. நான் மைக்கில், “மூட்டை கட்டுகிறார்கள். கஷ்டமான வேலை” என்றேன்.

திரையில் அவள் ஒரு கல்லை எடுத்து, பக்கத்தில் ஓர் அண்டியை வைத்து அளவு பார்த்து, மூட்டைக்குள் போட்டாள். ஒற்றைக் கண்ணுக்கும் தெரியாமல் போகிற காட்சியா அது.

அந்த நாலு நிமிஷம் மறுபடியும்

இப்போது படம் நிற்கிறது. தங்கபாய் நிற்கிறாள். நான் நிற்கிறேன்.

“அவ கல்லு போட்டா. நான் பாத்தேன். என்ன சொல்லிட்டுப் போட்டா? அதாக்கும் கேட்டது.”

“உனக்கு வருத்தமா இருக்கும்னுதான்…” என்று ஆரம்பித்தேன்.

“எனக்க வருத்தத்த நான் பாத்துக்கிடுதேன். சாரு வசனத்தச் சொல்லுங்க.”

எனக்கு வெட்கமாகிவிட்டது. வயதான காலத்தில் நாற்பது பெண்கள் முன்னால் காது சுட நின்றேன். மன்னிப்புக் கேட்டேன். இனி ஒரு வார்த்தை விடாமல் சொல்வேன், மறைக்க மாட்டேன் என்று மைக்கிலேயே சத்தியம் செய்தேன். ஸ்டான்லி படத்தைப் பின்னால் ஓட்டிப் போட்டான். அவள் பேசப் பேச நான் சொன்னேன். குரலை மாற்றவில்லை, நடிக்கவில்லை.

“வியாபாரி தராசில் எங்களிடம் திருடுகிறான். ஒவ்வொரு மூட்டைக்கும் திருடுகிறான். ஊருக்கே தெரியும். கேட்டால் அடுத்த வருஷம் வாங்க வரமாட்டான். அதனால் அவன் தராசு எவ்வளவு திருடுமோ அவ்வளவுக்கு நாங்கள் கல் போடுகிறோம். அண்டி அளவுள்ள கல்லாகப் பார்த்துப் பொறுக்கவேண்டும், அதில்தான் சாமர்த்தியம் இருக்கிறது. பாவமா? இதில் என்ன பாவம்? இந்தியாவில் பெரிய பெரிய மெஷின் வைத்திருக்கிறார்களாம். அது கல்லைத் தனியாகத் தள்ளிவிடும். யாருக்கும் ஒன்றும் ஆகாது.”

நான் தங்கபாயைப் பார்க்கவில்லை, தரையைப் பார்த்தேன். அப்போது நடுவரிசையிலிருந்து ஒருத்தி, “ஏட்டி தங்கபாயி, நீயாக்கும் அந்த மெஷினு” என்றாள்.

யாரோ ஒருத்தி களுக்கென்று சிரித்தாள். பிறகு அத்தனை பேரும் சிரித்தார்கள். நிமிர்ந்து பார்த்தேன். தங்கபாயும் சிரித்துக்கொண்டிருந்தாள். முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு, தோள் குலுங்கச் சிரித்தாள். கொஞ்ச நேரத்தில் முந்தானை வாயிலிருந்து கண்ணுக்குப் போனது. பக்கத்தில் இருந்த ஷீபா அவள் கையைப் பிடித்துக்கொண்டாள்.

“போடுங்க சாரே, மிச்சத்தப் பாப்பம்” என்றாள் பிறகு.

தராசு

படம் முடிந்ததும் திரையில் செலஸ்தா வந்தாள். அங்கே காலை நேரம். பின்னால் கோழி கூவுவது கேட்டது. முப்பது வயதுப் பெண். பெரிய கண்ணாடி, காதில் வளையம். நான் இங்கிலீஷில் வரவேற்றேன். கேள்வி கேட்பவர்கள் கேட்கலாம் என்றதும் டாக்டர் கேமரா, ஒளியமைப்பு என்று ஏதோ தொடங்கினார். தங்கபாய் அதற்குள் முன்னால் வந்துவிட்டாள். ஸ்டான்லியின் லேப்டாப்பில் இருந்த கேமராவுக்கு நல்ல கண் இருக்கும் பக்கத்தைக் காட்டி நின்றாள்.

“கல்லு போட்டவ யாருன்னு கேளுங்க.”

கேட்டேன். “என் அம்மாவின் தங்கை. என் சித்தி” என்றாள் செலஸ்தா.

“சொகமா இருக்காளா?”

சித்தி நன்றாக இருக்கிறாள், இந்நேரம் தோப்பில் இருப்பாள், அந்தப் பல் தானாக விழுந்ததில்லை, மாடு முட்டியது என்றாள். அதையும் சொன்னேன். பெண்கள் சிரித்தார்கள்.

“இங்க மெஷின் ஒண்ணும் இல்லன்னு சொல்லுங்க. நாங்க கையாலதான் உடைக்கியோம்.”

சொன்னேன். செலஸ்தாவின் சிரிப்பு நின்றது. கண்ணாடியைக் கழற்றித் துடைத்தாள். மறுபடி போட்டுக்கொண்டு, நிதானமாக ஒவ்வொரு வார்த்தையாகக் கேட்டாள். “அப்படியானால் எங்கள் கல்லால் அங்கே யாருக்காவது ஏதாவது ஆகியிருக்கிறதா?”

அதைத் தமிழில் சொன்னேன். தங்கபாய் என் பக்கம் நெருங்கி வந்து மைக்கைக் கையால் மூடினாள்.

“கண்ணு காரியம் சொல்லாதிய சாரே. இந்தப் பிள்ள போயி சித்திகிட்ட சொல்லும். பின்ன அவ எப்பிடி உறங்குவா?”

ஒரு வார்த்தை மறைக்க மாட்டேன் என்று அரைமணி நேரத்துக்கு முன்னால்தான் சத்தியம் செய்திருந்தேன். செலஸ்தா காத்திருந்தாள். சில சமயம் மரச்சுத்தி உடைந்து போகிறது என்று இங்கிலீஷில் சொன்னேன். என்னை நம்பினாளா என்று தெரியவில்லை. என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

“என்ன சொன்னிய?” என்றாள் தங்கபாய்.

“சுத்தி ஒடஞ்சு போகும்னு சொன்னேன்.”

“அது போதும். இனி தராசு காரியம் கேளுங்க. படத்துல சொன்னாளே, அந்தத் தராசு மாறிச்சா?”

“இல்லை” என்றாள் செலஸ்தா. “அதே வியாபாரி, அதே தராசு.”

“அப்பம் கல்லு?”

செலஸ்தா மறைக்கவில்லை. “தராசு மாறும் வரை போடுவார்கள். சித்தி மட்டும் இல்லை, எல்லாருமே போடுகிறார்கள். நான் சொன்னாலும் நிறுத்தமாட்டார்கள்.”

நான் தங்கபாயின் காதோடு அதைச் சொன்னேன். அவள் தலையை ஆட்டினாள். பிறகு என் கையிலிருந்த மைக்கைத் தூக்கி என் வாய்க்கு நேராகப் பிடித்தாள்.

“எனக்கிட்ட மட்டும் சொன்னா போராது. மைக்குல சொல்லுங்க. தப்பித் தவறி வாறதில்ல, போட்டுத்தான் விடுதாவ, இனியும் போடுவாவன்னு இவளுவ எல்லாரும் கேக்கட்டு.”

சொன்னேன். இரண்டு தடவை சொல்லச் சொன்னாள். இரண்டு தடவையும் சொன்னேன்.

திங்கட்கிழமை பத்து மணிக்கு ஸ்டான்லி போன் செய்தான். தல்லுப் பிரிவில் ஒருத்தியும் சுத்தியைத் தொடவில்லையாம். மூட்டையைக் கொட்டிக் கல் பொறுக்காமல் வறுக்க விடமாட்டோம் என்று எல்லாரும் போய் வறுப்பு டிரம்முக்கு முன்னால் உட்கார்ந்துவிட்டார்களாம். தொலிப் பிரிவிலிருந்து எழுந்து வந்து தங்கபாயும் கூட உட்கார்ந்திருக்கிறாள். மேலே இருப்பவர்கள் வந்து கத்திப் பார்த்துவிட்டு, கடைசியில் ஒரே ஒரு மூட்டையைத் தரையில் கொட்ட விட்டிருக்கிறார்கள், ஒரு கல்கூட இராது என்று சொல்லி.

அந்த மூட்டையில் பதினோரு கல் இருந்ததாம்.